300 எம்பிபிஎஸ் வேகம் இருந்தும் உறைந்த வகுப்பு: ஒரு வீட்டின் இணைய இணைப்பு மாறிய கதை

"தம்பி, 100ல இருந்து 300க்கு மாத்தினோம். ஒண்ணும் மாறல. இப்போ 500 எடுக்கச் சொல்றாங்க. எடுத்திரலாமா?"

அக்கா இப்படிக் கேட்டபோது உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேகத்தை மூன்று மடங்கு கூட்டியும் தொல்லை அப்படியே இருக்கிறது என்றால், கோளாறு அந்த எண்ணில் இல்லை என்றுதானே பொருள்? எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆனது. இணைப்பை மாற்றி முடிக்க மேலும் ஏழு வாரம். கேபிளா, ஃபைபரா, 5ஜியா என்று குழம்பி நிற்கும் வேறு வீடுகளுக்கும் உதவட்டும் என்று, வீட்டாரின் சம்மதத்தோடு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வீடும் தொல்லையும்

மாடி வீடு, ஐந்து பேர். அக்கா வீட்டிலிருந்தே காணொளித் தொகுப்பு வேலை பார்க்கிறார். முடித்த கோப்பை வாரத்துக்கு மூன்று, நான்கு தடவை வாடிக்கையாளருக்கு ஏற்றி அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 ஜிபி. அவர் கணவர் மாலையில் மாடி அறையிலிருந்து ஆன்லைன் வகுப்பு எடுக்கிறார். மகள் இணையத்தில் விளையாடுவாள், மகன் படம் பார்ப்பான். மாமனாரின் மன நிம்மதிக்காக வீட்டைச் சுற்றி நான்கு கண்காணிப்புக் கேமராக்கள். இந்தக் கேமராக்களைப் பற்றி முதல் இரண்டு நாள் யாரும் எனக்குச் சொல்லவே இல்லை. இணையத்தை யார் யார் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டால் நாம் மனிதர்களை மட்டும்தான் எண்ணுகிறோம்.

இருந்தது கேபிள் இணைப்பு, அதாவது தொலைக்காட்சிக்கு வரும் அதே கோஆக்சியல் கம்பி. பதிவிறக்கம் 300 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 300 மெகாபிட். பதிவேற்றம் எவ்வளவு என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. விளம்பரத்தில் அது இல்லை. ஒப்பந்தத் தாளின் இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: 12.

மாலை வகுப்பில் ஆசிரியரின் முகம் திரையில் அப்படியே உறைந்துவிடும், குரல் அறுந்து அறுந்து போகும். மகளின் விளையாட்டு திடீர் திடீரென்று தடுக்கும். அக்கா ஒரு கோப்பை ஏற்றத் தொடங்கினால் வீடு முழுக்க இணையம் திணறும். அதனால் 'அப்லோடு போகுது' என்று எழுதிய தாள் ஒன்று அவர் அறைக் கதவில் நிரந்தரமாகவே ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தால் மற்றவர்கள் தங்கள் வேலையை ஒத்திப்போட்டுவிடுவார்கள்.

ஒன்பது நாள் அளவீடு

முதல் காரியமாக வைஃபையைக் கணக்கிலிருந்து ஒதுக்கினேன். மடிக்கணினியை ஈதர்நெட் கம்பியால் நேரே ரூட்டரில் செருகி, காலை, பிற்பகல், இரவு 9 மணி என்று மூன்று வேளையும் அளந்தேன். ஒரு சின்னத் தகவல் போய்ப் பதில் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் பிங் சோதனை ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. வைஃபையில் பார்த்த எண்ணை வைத்துக்கொண்டு வெளியிலிருந்து வரும் இணைப்பைக் குறை சொல்ல முடியாது. இரண்டும் வேறு வேறு வழித்தடங்கள்.

பதிவிறக்கம் காலையில் 310 வரை வந்தது, இரவு 9 மணிக்கு 140க்கு இறங்கியது. கேபிளில் தெருவிலுள்ள பல வீடுகள் ஒரே தடத்தைப் பகிர்வதால் இரவில் இப்படி இறங்கும். பார்க்கக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 4கே தரத்தில் ஒரு படத்துக்கு 25 எம்பிபிஎஸ் தாராளம். இரண்டு படம் ஓடினாலும் 50. காணொளி வகுப்புக்கு 4 போதும், விளையாட்டுக்கு 1 கூடத் தேவையில்லை. மோசமான நேரத்தில் வந்த 140ல் பாதியைக்கூட இந்த வீடு தொடவில்லை. 500 எம்பிபிஎஸ் திட்டத்தால் எதுவும் மாறியிருக்காது என்பது இந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

அடுத்து எதிர்த்திசை. பதிவேற்றம் எந்நேரமும் 11.8 வந்தது, சொன்ன 12ஐ நிறுவனம் நேர்மையாகவே கொடுத்தது. ஆனால் ரூட்டரின் போக்குவரத்துப் பட்டியலைத் திறந்தால், வீட்டில் யாருமே இல்லாத பிற்பகலிலும் 8 எம்பிபிஎஸ் மேலே போய்க்கொண்டே இருக்கிறது. நான்கு கேமரா, தலா 2. இரவும் பகலும் எங்கோ ஒரு சர்வருக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தன.

மிச்சம் 4. அதில் வகுப்புக்கு 3 வேண்டும். பிள்ளைகள் வீடு திரும்பி, கைபேசிகள் அன்றைய புகைப்படங்களைத் தாமாகவே ஏற்றத் தொடங்கியதும் அந்தக் குறுகலான வழி அடைத்துக்கொள்ளும். அக்காவின் 20 ஜிபி என்பது 1,60,000 மெகாபிட். மிச்சமிருக்கும் 4 எம்பிபிஎஸ்ஸில் அதை ஏற்ற 11 மணி நேரம் பிடிக்கும். கேமராக்களை நிறுத்தி முழு 12ஐயும் கொடுத்தாலும் கிட்டத்தட்ட 3 மணி 40 நிமிடம்.

என்னை உண்மையில் நிமிர்ந்து உட்கார வைத்தது பிங் கணக்குதான். சும்மா இருக்கும்போது 14 மில்லிவிநாடி. பதிவேற்றம் ஓடும்போது 640. காரணம், வெளியிலிருந்து வரும் கம்பியை ரூட்டரோடு சேர்க்கும் மோடத்தில் இருக்கிறது. வெளியே போக முடியாத தரவை மோடம் தன் நினைவகத்தில் வரிசையாக அடுக்கி வைக்கிறது. அந்த வரிசை 1 மெகாபைட் நீளம் என்றால், அதாவது 8 மெகாபிட், 12 எம்பிபிஎஸ் வழியில் அது காலியாக 0.67 விநாடி ஆகும். ஆசிரியரின் குரலும் மகளின் விளையாட்டும் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். தொலைபேசி உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. இங்கே அதைப்போல் நாலு மடங்கு.

பதிவேற்றம் அடைத்தால் பதிவிறக்கம் ஏன் தடுமாறுகிறது என்று கணவர் கேட்டார், நல்ல கேள்வி. கீழே வரும் தரவுக்கெல்லாம் 'வந்து சேர்ந்தது' என்ற ஒப்புகை மேலே போக வேண்டும். அந்தச் சின்னஞ்சிறு ஒப்புகைகளும் அதே வரிசையில் மாட்டிக்கொள்கின்றன. ஒப்புகை வராததால் அனுப்பும் பக்கம் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. 300 எம்பிபிஎஸ் வழி திறந்து கிடக்க, வீடு அதைத் தொட முடியாமல் உட்கார்ந்திருக்கும்.

நெரிசலில் தேங்கும் இந்த வரிசைக்கு 'பஃபர்புளோட்' என்று 2010ல் கணினி நிபுணர் ஜிம் கெட்டிஸ் பெயர் வைத்தார். 2012ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் அந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ள 'கோடெல்' என்ற வழிமுறையைக் கொடுத்தார்கள். கேபிள் இணையத்துக்கான தொழில்நுட்பத் தரத்துக்கு டாக்சிஸ் என்று பெயர்; அதில் 3.1 வகை மோடங்களில் இதுபோன்ற வரிசை மேலாண்மை கட்டாயம். இந்த வீட்டில் இருந்தது பழைய 3.0 மோடம்.

இன்னொரு சின்னக் கோளாறும் தனியாக இருந்தது. ரூட்டர் கீழ்த்தளத்தில், தொலைக்காட்சி அலமாரிக்குள். மாடி அறையை எட்டியது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மட்டும்தான், அதுவும் 30 எம்பிபிஎஸ். வகுப்பு உறைந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

எந்த வழிகள் இருந்தன

கேபிளின் மேல்திசை ஏன் இவ்வளவு ஒடுக்கம்? அந்தக் கம்பிவலை தொலைக்காட்சியை ஒரே திசையில் அனுப்பப் போடப்பட்டது. அதனால் 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சின்னத் துண்டைத்தான் பல வலைகளில் மேல்திசைக்கு விட்டார்கள். அதற்கு மேலே 1,000 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் பெரும்பாலும் கீழ்த்திசைக்கு. அந்தச் சின்னத் துண்டிலும், தெருவிலுள்ள எல்லா வீட்டின் மின்னிரைச்சலும் ஒன்றுசேர்ந்து ஒரே இடத்துக்கு ஏறுகிறது. 2013ல் வந்த டாக்சிஸ் 3.1 இந்த எல்லையை 204 மெகாஹெர்ட்ஸ் வரை விரிக்க இடம் தருகிறது. ஆனால் தெருவில் இருக்கும் பெருக்கிகள் மாறினால்தான் அது நடக்கும், அது வீட்டுக்காரர் கையில் இல்லை. கேட்டு விசாரித்ததில் 500 எம்பிபிஎஸ் திட்டத்தின் பதிவேற்றம் 20 என்றார்கள்.

பழைய தொலைபேசிக் கம்பியில் விடிஎஸ்எல்2 என்ற வகை இணைய இணைப்பு கிடைத்தது. தெருப்பெட்டியிலிருந்து வீட்டுக்குக் கம்பி நீளம் சுமார் 900 மீட்டர். இந்தத் தொழில்நுட்பம் முதல் சில நூறு மீட்டருக்குள்தான் 100 எம்பிபிஎஸ்ஸை நெருங்கும். உயர் அலைவரிசைகள் செம்பில் சீக்கிரமே தேய்ந்துவிடும். இங்கே எதிர்பார்க்கச் சொன்னது கீழே 35, மேலே 6. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

செயற்கைக்கோளில் இரண்டு வகை. புவிநிலைச் சுற்றுப்பாதையில் 35,786 கி.மீ. உயரத்தில் நிற்பவை ஒன்று. கேள்வி மேலே போய்க் கீழே வந்து, பதிலும் மேலே போய்க் கீழே வர, மொத்தம் 1,43,000 கி.மீ.க்கு மேல், ஒளியின் வேகத்தில் போனாலும் 477 மில்லிவிநாடி. வகுப்பு நடத்தும் வீட்டுக்கு அது ஆகாது. மற்றது ஸ்டார்லிங்க் போல 550 கி.மீ. அளவில் சுற்றுபவை, தாமதம் பெரும்பாலும் 50க்குள் வந்துவிடுகிறது. வேறு எந்தக் கம்பியும் எட்டாத வீட்டுக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். இந்த வீட்டில் மொட்டைமாடியைச் சுற்றி உயரமான மரங்கள், வானம் துண்டு துண்டாகத்தான் தெரிகிறது. செயற்கைக்கோள் மரத்துக்குப் பின்னால் போகிற ஒவ்வொரு தடவையும் இணைப்பு ஒரு நொடி அறும். கோப்பு அதைத் தாங்கும், வகுப்பு தாங்காது.

5ஜி வீட்டு இணைப்பைச் சோதனைக்கு ஒரு வாரம் வாங்கிப் பார்த்தோம். கூடத்தின் நடுவில் வைத்தால் பரிதாபம். மாடி ஜன்னலோரம் வைத்ததும் பகலில் கீழே 220, மேலே 28. இரவு 9 மணிக்கு 70ம் 9ம். வெப்பத்தைத் தடுக்கும் உலோகப் பூச்சுக் கண்ணாடிகள் ரேடியோ அலையையும் தடுக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தபோது வேகம் ஏறியதை அக்கா கண்ணால் பார்த்தார். வெளியில் ஆன்டெனா பொருத்தினால் இன்னும் தேறும். ஆனால் கோபுரத்தைப் பகிரும் கூட்டம் இரவில் குறையப்போவதில்லை, அந்தக் கூட்டம் எப்போது கூடும் என்பதும் நம் கையில் இல்லை. பகலில் மட்டும் வேலை செய்யும் ஒருவர் தனியாக இருக்கும் வீடென்றால் என் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும்.

கடைசியில் ஃபைபர். இந்தப் பெயரில் இரண்டு நிறுவனங்கள் வந்தன. ஒன்றைத் துருவிக் கேட்டதில், தெருமுனை வரைதான் ஒளியிழை, அங்கிருந்து வீட்டுக்குக் கோஆக்சியல் கம்பி என்று தெரிந்தது. அதாவது ஏற்கெனவே இருக்கும் அதே வகை இணைப்பு, வேறு பெயரில். இது என்னைக் கோபப்படுத்தியது, இப்போதும் கோபம்தான். "வீட்டுச் சுவருக்குள் வரும் கம்பி எது? பதிவேற்றம் எவ்வளவு?" இந்த இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். கண்ணாடி இழை வீட்டுக்குள்ளேயே வந்து, ஒளியை மின்குறியாக மாற்றும் ஓஎன்டி என்ற பெட்டியில் முடிந்தால்தான் அது நாம் நினைக்கும் ஃபைபர்.

இன்னொரு நிறுவனம் உண்மையான ஃபைபர், ஓர் இழையைப் பல வீடுகளுக்குப் பகிரும் ஜிபான் முறை, இரு திசையிலும் 200. ஆனால் அவர்களின் பகிர்வுப் பெட்டி 250 மீட்டர் தள்ளி, அடுத்த தெருவில். இழுத்து வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள்.

ஃபைபரில் பகிர்வே கிடையாது என்று சிலர் நம்புகிறார்கள். ஜிபானில் கீழ்த்திசை 2.488 கிகாபிட், மேல்திசை 1.244 கிகாபிட், அதை ஒரு கண்ணாடி ஸ்பிளிட்டர் பெரும்பாலும் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறது. 32 வீடும் ஒரே நொடியில் முழு வேகத்தில் ஏற்றினால் தலைக்கு 39 எம்பிபிஎஸ்தான். அப்படி ஒரு நொடி அபூர்வம். வந்தாலும் அந்த 39, கேபிளின் 12ஐப்போல் மூன்று மடங்குக்கு மேல். இன்னொரு குணம் எனக்கு மிகவும் பிடித்தது: மையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே மின்சாரம் தேவைப்படும் பொருள் எதுவும் இல்லை. ஸ்பிளிட்டர் வெறும் கண்ணாடி. கேபிளில் தெருப் பெருக்கிக்கு மின்சாரம் போனால், வீட்டில் பேட்டரி இருந்தும் பயனில்லை.

காத்திருந்த ஆறு வாரம்

சும்மா காத்திருக்கவில்லை. கேமராக்களை ஓயாமல் அனுப்புவதிலிருந்து மாற்றி, அசைவு தெரிந்தால் மட்டும் அனுப்பும்படி வைத்தோம். எட்டிலிருந்து, பெரும்பாலான நேரம் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. கைபேசிகளின் புகைப்படக் காப்பு இரவு இரண்டு மணிக்குப் போனது. வரிசை மேலாண்மை உள்ள ரூட்டர் ஒன்றைப் போட்டு, பதிவேற்றத்தை 11 எம்பிபிஎஸ்ஸில் கட்டினேன். உண்மை எல்லைக்குச் சற்றுக் கீழே வைத்தால்தான் வரிசை மோடத்தில் தேங்காமல் ரூட்டரில் நிற்கும், ரூட்டர் அதை முறைப்படுத்தும். நெரிசல் நேரப் பிங் 640லிருந்து 38க்கு வந்தது. அலமாரிக்குள் இருந்த ரூட்டர் மாடிப்படி நடுவே வந்ததும் மாடி அறைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் அலை எட்டியது.

அந்த வாரமே வகுப்பு உறைவது நின்றுவிட்டது. "அப்போ ஃபைபர் எதுக்குத் தம்பி?" என்று அக்கா கேட்டார்.

கேட்க வேண்டிய கேள்விதான், இரண்டு நாள் யோசித்தேன். கணவரின் வகுப்பும் மகளின் விளையாட்டும் மட்டும் என்றால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். அந்தத் தொல்லை வரிசையால் வந்தது, வரிசை சீராயிற்று. ஆனால் 20 ஜிபி கோப்புக்கு எந்த ரூட்டர் வித்தையும் உதவாது. 11 எம்பிபிஎஸ் என்றால் 4 மணி நேரம்தான், அதில் பேரமில்லை. 200 எம்பிபிஎஸ் என்றால் 800 விநாடி, பதினாலு நிமிடத்துக்குள். அக்காவின் வேலை நாளில் நான்கு மணி நேரம் என்பது ஒரு திருத்தத்தை அன்றே அனுப்புவதா, மறுநாளா என்ற வித்தியாசம். ஃபைபருக்கு ஒப்புக்கொண்டது அவர் ஒருவரின் வேலைக்காக.

இழை வந்த நாள்

பொருத்த வந்தவர் சுறுசுறுப்பானவர். இரண்டு மணி நேரத்தில் இழுத்து, ஓஎன்டியில் பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்பத் தயாரானார். உள்ளே வரும் ஒளியின் அளவைக் காட்டச் சொன்னேன்: −26.4 டிபிஎம். டிபிஎம் என்பது ஒளியின் வலிமையை அளக்கும் அலகு, கழித்தல் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. அந்த வகைப் பெட்டிக்கு −27தான் கடைசி எல்லை. இன்றைக்கு ஓடும், இழையில் ஓர் இணைப்பு கொஞ்சம் அழுக்கானாலோ, இழை சற்றே நகர்ந்தாலோ சிவப்பு விளக்குதான். வழியெல்லாம் தடவிப் பார்த்தோம். ஜன்னல் மூலையில், ஒரு கிளிப்புக்குக் கீழே, இழை விரல் கணு அளவுக்கு மடங்கியிருந்தது. கூர்மையாக மடக்கினால் ஒளி இழையைவிட்டுக் கசிந்துவிடும். அதை விரிவான வளைவாக மாற்றியதும் −20.9. அந்த 5.5 டெசிபல் வித்தியாசம் சின்ன எண்ணாகத் தெரியலாம். மடிப்பு இருந்தபோது வந்து சேர வேண்டிய ஒளியில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை என்று அதற்கு அர்த்தம். பொருத்தியவர் தானாகவே மீட்டரை எடுத்து இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் கீழ்த்தளத்தில் இருபுறமும் 200 வந்தது. மாடி அறையில் கம்பியில் செருகினால் 94. இந்த எண்ணை நினைவில் வையுங்கள். 93, 94 என்று நிலைகுத்தி நின்றால், இணைப்பு நிறுவனத்தை அழைக்கும் முன் வீட்டுக் கம்பியைப் பாருங்கள். கிகாபிட் ஈதர்நெட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்தாலும் கருவிகள் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும், அதில் உருப்படியாகக் கிடைப்பது 94. மாடிக்குப் போன கம்பியின் முனையை வெட்டி மறுபடி பொருத்தியதும் 200 வந்தது.

மூன்று மாதத்துக்குப் பிறகு

சும்மா இருக்கும்போது பிங் 5, முழுப் பதிவேற்றத்தில் 21. இரவு 9 மணிக்கும் பதிவேற்றம் 190க்குக் கீழே இறங்கவில்லை. 20 ஜிபி கோப்பு 15 நிமிடத்தில் போகிறது. கதவில் ஒட்டியிருந்த தாளை அக்கா கிழித்துவிட்டார்.

ஒரு தடவை அறுந்தது. அடுத்த தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் இழையை வெட்டிவிட்டார்கள். செம்புக் கம்பி என்றால் முறுக்கி ஒட்டி அன்றே ஓட்டியிருக்கலாம். கண்ணாடி இழையை உருக்கி இணைக்க அதற்கான கருவியும் ஆளும் வர வேண்டும். 31 மணி நேரம். அந்த இரண்டு நாளும் வகுப்பு கைபேசி ஹாட்ஸ்பாட்டில் நடந்தது. வருமானம் இணையத்தை நம்பி இருக்கிற வீடு, வேறு வகையில் ஒரு மாற்றுவழி வைத்திருப்பது அவசியம் என்று நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். கேபிளை அதற்கு இரண்டு வாரம் முன்புதான் நிறுத்தியிருந்தோம். இப்போது தரவு உள்ள ஒரு சிம் கார்டு ரூட்டருக்குப் பக்கத்திலேயே தயாராக இருக்கிறது.

இன்னும் தீராத ஒன்றும் உண்டு. கேமராப் பதிவுகளை வெளியே அனுப்பாமல் வீட்டிலேயே ஒரு பதிவுப் பெட்டியில் சேமித்து, வெளியூரிலிருந்தும் பார்க்க வேண்டும் என்பது மாமனாரின் ஆசை. ஆனால் ரூட்டருக்குக் கிடைத்த இணைய முகவரி 100.72 என்று தொடங்குகிறது. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள், பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்கென்று 2012ல் ஒதுக்கப்பட்டவை. வெளியிலிருந்து கதவைத் தட்ட அவற்றில் வழியில்லை. 5ஜியிலும் இதே நிலைதான் இருந்தது. பழைய கேபிளில் தனிப் பொது முகவரி இருந்தது என்பதை மாற்றும் முன் நான் குறித்துக்கொள்ளவில்லை. ஐபிவி6 என்ற புதிய வகை இணைய முகவரி இந்த இணைப்பில் உண்டு, ஆனால் அவர் வாங்கிய பதிவுப் பெட்டிக்கு ஐபிவி6 தெரியாது. தனி முகவரி கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் வரும்வரை மாமனார் வீட்டுக்குள் இருக்கும்போது மட்டும்தான் பதிவுகளைப் பார்க்க முடிகிறது.